கூரை மின்சாரம்: கையொப்பமிடுமுன் அறிய வேண்டியவை

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலான நமது கரையோர ஊர்களில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. கூரைமேல் சூரிய மின்சாரம் விரும்பத்தக்க முதலீடே. எனினும், விற்பனையாளரின் வாக்குறுதியை மட்டும் நம்பிச் சேமிப்பைச் செலவிடுவது விவேகமாகாது.

2016 இல் ஆரம்பிக்கப்பட்ட 'சூரிய பல சங்கிராமய' வேலைத்திட்டம் மூன்று முறைகளை முன்வைத்தது. 'நெற் மீற்றரிங்' முறையில் மேலதிக அலகுகள் அடுத்த மாதக் கணக்கில் வரவு வைக்கப்படும், பணம் கிடையாது. 'நெற் எக்கவுண்டிங்' முறையில் மேலதிக அலகுகளுக்குப் பணம் உண்டு. 'நெற் பிளஸ்' முறையில் உற்பத்தி முழுவதும் விற்கப்படும். வீட்டுப் பாவனைக்கு வழமையான மின்பட்டியல் வரும்.

2016 இல் கொள்வனவு விலை முதல் 7 வருடங்களுக்கு அலகொன்றுக்கு 22 ரூபா, அடுத்த 13 வருடங்களுக்கு 15.50 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. பின்னர் அது பலமுறை மாற்றப்பட்டது. ஆகவே, முன்னர் இணைந்த அயலவர் பெறும் விலை நமக்கும் கிடைக்குமென எண்ணலாகாது.

முதலில் பிரதேச மின் பொறியியலாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, இணைப்புக்கான அனுமதி கிடைத்த பின்னரே பெருந்தொகையைச் செலுத்துவது பாதுகாப்பானது. மற்றொன்றையும் மறத்தலாகாது: மின்தடையின்போது, கம்பிகளில் வேலைசெய்யும் ஊழியரின் உயிர்காக்க, இன்வேர்ட்டர் தானாகவே நின்றுவிடும். பற்றரி வசதி இல்லாத வீடு அப்போது இருளிலேயே இருக்கும். கடற்கரையோரத்தில் உப்புக்காற்று இரும்புத் தாங்கிகளை அரிக்கும், துருப்பிடிக்காதவற்றைக் கோருக.

ஒப்பந்தம் 20 வருடங்களுக்கானது. அதனைத் தமிழில் விளக்குமாறு கேட்பது பாவனையாளரின் உரிமை; விளக்குவது அலுவலகங்களின் கடமை என்பதையும் நாம் வலியுறுத்துகிறோம்.