கிண்ணங்களும் நிலைக்காத குழுக்களும்

தொழில்முறைக் காற்பந்துக் குழுவின் ஆயுளைத் தீர்மானிப்பது வெற்றியா? அமெரிக்க உள்ளரங்கக் காற்பந்தின் வரலாறு 'அன்று' என விடை தருகிறது. பனிவளைகோல் அரங்குகளில் செயற்கைப் புல் விரித்து, அணிக்கு அறுவராக ஆடப்பட்ட மேஜர் இண்டோர் சாக்கர் லீக் 1978இல் தொடங்கியது. அதன் முதல் நான்கு கிண்ணங்களையும் வென்ற நியூயார்க் ஏரோஸ் குழு 1984இல் கலைந்தது; 1992இல் லீக்கே மறைந்தது.

நம் நாட்டிலும் இதற்கு நிகரான நிகழ்வுண்டு. மலேசிய இந்தியர்களின் குழுவாக வளர்ந்த மிஸ்க்-மிஃபா, 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி எனப் பெயர் பூண்டு சூப்பர் லீக்கில் இறங்கியது. கே. தேவனும் பின்னர் பி. மணியமும் அதனைப் பயிற்றுவித்தனர். நான்கு பருவங்கள் ஆடிய அக்குழு, 2022க்குப் பின் லீக்கிலிருந்து விலகியது. ஊதியமும் பயணமும் அரங்கும் ஆண்டுதோறும் செலவு கேட்கும். நுழைவுச்சீட்டு வருவாய் போதாதபோது புரவலரின் பொருளே குழுவின் உயிராகிறது.

தோட்டக் குழுக்களின் நிலை வேறு. காலையில் பால்மரம் சீவியோர் மாலையில் ஊதியமின்றித் திடலில் ஆடினர்; லயத்து மக்களே அவர்களுக்குப் புரவலர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் இடம்பெயர்ந்தபோது அக்குழுக்களும் கலைந்தன.

ஏரோஸின் வெற்றிகள் ஏட்டில் உள்ளன. தோட்டக் குழுக்கள் பலவற்றின் பெயர்களோ முதியோர் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளன. 1922 முதல் ஆசிரியர்களை உருவாக்கிவரும் தஞ்சோங் மாலிமில் பயிலும் மாணவர்கள், அந்நினைவுகளைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். காலம் தாழ்த்தினால் கேட்பதற்கு ஆளிருக்காது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.