விலாங்குக்கு எமன், கோமாளி மீனுக்கு அன்னம்!

விலாங்கு மீன் பண்ணைகளை அழித்த ஒரு நுண்ணுயிர்தான் இன்று கோமாளி மீன் குஞ்சுகளின் முதல் உணவு என்றால் நம்புவீர்களா? அதன் பெயர் ரோட்டிஃபர். அளவு ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான்!

ஜப்பானிய விலாங்குக் குளங்களில் நீரைப் பச்சையாக்கும் நுண்பாசிதான் ஆக்சிஜன் தரும். ரோட்டிஃபர் பெருகினால் பாசியைத் தின்று தீர்த்துவிடும். தண்ணீர் தெளியும்... விலாங்குகள் மூச்சுத் திணறிச் சாகும். இதற்கு 'மிசுகவாரி' என்று பெயர்.

மறுபக்கம், கடல் மீன் குஞ்சுகள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தன. 1930களிலேயே ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறாலின் குஞ்சுகளை உணவாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தனர். ஆனால் அவை சுமார் அரை மில்லிமீட்டர். பிறந்த குஞ்சின் வாய்க்குள் பல சமயம் நுழையாது.

1960-ல் தகாஷி இட்டோ என்ற ஆய்வாளர், பண்ணையாளர்கள் வெறுத்த ரோட்டிஃபரையே கடல்நீரில் வளர்த்து, மீன் குஞ்சுகளுக்கு உணவாக்க முனைந்தார். பிறகு ஜப்பானின் சிவப்பு பிரீம் மீன் பண்ணைகள், அடுத்து உலகம் முழுவதும்!

இன்று வீட்டில் பவளப்பாறைத் தொட்டி வைத்து, கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைப்பவர்களும் ஒரு வாளியில் பாசியைக் கொடுத்து இதை வளர்க்கிறார்கள். ஆண் துணையின்றியே முட்டையிட்டுச் சில நாட்களில் பல மடங்காகும். அன்று குளத்தைக் கெடுத்த அதே குணம்தான் இன்று குஞ்சுகளைக் காப்பாற்றுகிறது!