சர்வர் யாருடையது, வாக்கு யாருடையது?

இன்னைக்குக் கதை வாஷிங்டன்ல, 2005 ஜூலை 6 காலையில ஆரம்பிக்குது. கோர்ட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு நிருபர் தன் ஆறு வயது மகனைக் கட்டிப்பிடித்து, திரும்ப வர ரொம்ப நாளாகலாம்னு சொல்லிட்டு வர்றார். அவர் டைம் இதழின் மேத்யூ கூப்பர். கூடவே நியூயார்க் டைம்ஸின் ஜூடித் மில்லர். ‘உங்ககிட்ட பேசினது யாரு?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லாததுதான் ரெண்டு பேர் மேலயும் இருந்த குற்றம்.

கொஞ்சம் பின்னாடி போவோம். 2003 ஜனவரியில், சதாம் உசேன் ஆப்பிரிக்காவில் யுரேனியம் வாங்கப் பார்த்தார் என்று அதிபர் புஷ் பேசினார். மார்ச்சில் ஈராக் போர். ஜூலையில் முன்னாள் தூதர் ஜோசப் வில்சன் ஒரு கட்டுரை எழுதினார்: இதை விசாரிக்க 2002ல் நைஜருக்குப் போனதே நான்தான், அங்க அப்படி எதுவும் நடந்ததா தெரியலையே! எட்டே நாளில், வில்சனின் மனைவி வேலரி பிளேம் சிஐஏ ஆள் என்று ராபர்ட் நோவாக் தன் பத்தியில் போட்டு உடைத்தார். ரகசிய உளவாளியின் அடையாளத்தை அதிகாரிகள் தெரிந்தே வெளியிடுவது அங்கே குற்றம். சிறப்பு வழக்கறிஞர் பேட்ரிக் பிட்ஸ்ஜெரால்ட் வந்தார்.

வழக்கமா ரகசியம் சொல்ற ஆள்னா, அரசாங்கத்தோட தப்பை வெளியே கொண்டு வர்ற சின்ன அதிகாரியைத்தான் நினைப்போம். இங்கே தலைகீழ். அரசை விமர்சித்தவரை மட்டம் தட்ட மேலிடத்திலிருந்தே பேசினாங்க. போதாததுக்கு, ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகப் போருக்கு முன் மில்லர் எழுதியவை பலவும் தப்பாப் போயிருந்தன. முதல்ல படிச்சப்ப எனக்கு அவர் மேல பெரிய இரக்கம் வரலை. ஆனா ஆளைப் பார்த்து வாக்கைக் காப்பாத்தலாம்னா, அடுத்து வர்ற நிஜமான சாட்சி எதை நம்பி வாயைத் திறப்பார்?

சட்டம் கைகொடுக்கலை. கிராண்ட் ஜூரி முன் சாட்சி சொல்ல மறுக்கும் உரிமை நிருபர்களுக்கு இல்லைன்னு 1972லேயே உச்ச நீதிமன்றம் 5-4ல் தீர்ப்பளித்திருந்தது. 2005 ஜூனில் இவர்கள் மேல்முறையீட்டை எடுத்துக்கவே இல்லை.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச, அதாவது பயமுறுத்துற பகுதி. கூப்பர் தன் சோர்ஸ்கிட்ட பேசி முடிச்சதும் ஆபீஸ் மேலதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். ‘டபுள் சூப்பர் சீக்ரெட்’ன்னு விளையாட்டா எழுதி, கீழேயே பேரு: கார்ல் ரோவ், புஷ்ஷின் வலதுகை. வாக்கு கொடுத்தது கூப்பர், மின்னஞ்சல் கிடந்தது கம்பெனி சர்வர்ல. கூப்பர் ஜெயிலுக்குத் தயாரா இருந்தப்பவே டைம் நிர்வாகம் அதையெல்லாம் பிட்ஸ்ஜெரால்ட்கிட்ட ஒப்படைச்சிடுச்சு. தினமும் ஆபீஸ் சர்வர்ல எல்லாத்தையும் கொட்டுற எனக்கு இது சும்மா வரலாறா தெரியலை.

கடைசி நிமிஷத்தில் ரோவ் தரப்பு ‘சொல்லலாம்’ என்றது. கூப்பர் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டார். மில்லரின் சோர்ஸும் முன்பே அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்தான். ஆனா மேலிடம் சொல்லிப் போட்ட கையெழுத்தை மனசாரக் கொடுத்த சம்மதமா மில்லர் ஏத்துக்கலை. நம்ம ‘ஐ அக்ரீ’ பட்டன் மாதிரின்னு வெச்சுக்கோங்க. நீதிபதி ஹோகன் அன்னைக்கே அவரை வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா சிறைக்கு அனுப்பினார். இந்த விஷயத்தில் மில்லர் ஒரு செய்திகூட எழுதலைங்கிறதை நினைவில் வைங்க.

85 நாள். சோர்ஸ் நேரடியாகப் பேசி, நிஜமாகவே சம்மதம்னு சொன்ன பிறகுதான் வெளியே வந்தார். அந்த சோர்ஸ், துணை அதிபர் செனியின் தலைமை அலுவலர் லூயிஸ் லிபி. விசாரணையில் பொய் சொன்னதுக்காக லிபிக்கு 2007ல் 30 மாதத் தண்டனை கிடைத்தது. சிறைவாசத்தை புஷ் ரத்து செய்தார். 2018ல் டிரம்ப் முழு மன்னிப்பே கொடுத்தார்.

நோவாக்கிடம் முதலில் பேரைச் சொன்னது இவங்க யாருமே இல்லை. வெளியுறவுத் துணை அமைச்சராக இருந்த ரிச்சர்ட் ஆர்மிடேஜ். 2003 அக்டோபரிலேயே அதிகாரிகளிடம் ஒப்புக்கொண்டுவிட்டார். அவர் மேல கடைசி வரை வழக்கே இல்லை.