பத்துமலை

கோலாலம்பூர் நகர மையத்துக்கு வடக்கே சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில், சிலாங்கூர் மாநிலத்தில் செங்குத்தாக எழுந்து நிற்கும் சுண்ணாம்புக்கல் குன்று பத்துமலை. தெற்கே நெகிரி செம்பிலானில் சிரம்பான், பகாவ் வட்டாரத் தோட்டப்புறங்களில் பால்மரம் சீவி வாழ்ந்த தமிழர் குடும்பங்கள் தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்து வந்த மலை இது.

இதன் பாறை சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. பின்னர் அருகே ஊடுருவிய கருங்கல் குழம்பின் வெப்பத்தால் அதன் பெரும்பகுதி சலவைக்கல்லாக இறுகியது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவால் சற்றே அமிலமாகும் மழைநீர், வெடிப்புகளில் இறங்கிக் கல்லைக் கரைத்துக் குகைகளைக் குடைந்தது. அதே நீர் சொட்டும் இடங்களில் கல்விழுதுகள் வளர்கின்றன.

இக்குகைகளுள் ஒன்றான இருட்குகையில் உயிர்களின் வாழ்வு வௌவால்களைச் சார்ந்தது. சூரிய ஒளி எட்டாத இடத்தில் அவற்றின் எச்சமே உணவு. அதைப் பூச்சிகள் தின்ன, பூச்சிகளைச் சிலந்திகள் தின்கின்றன. 1923இல் அறிவியல் பெயர் பெற்ற லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ் என்னும் கதவுச் சிலந்தி இவற்றுள் அரியது. வயிற்றின் மேல் தகடுகளாகப் பிரிந்த அதன் உடலமைப்பு, 30 கோடி ஆண்டுப் பழமையான சிலந்திப் புதைபடிவங்களை ஒத்தது. தேனுண்ணும் குகை வௌவால்களோ இரவில் வெளியே பறந்து டுரியான், பெத்தாய் மரங்களில் மகரந்தம் சேர்க்கின்றன. சந்தைக்கு வரும் டுரியானுக்கும் இந்த இருட்டுக்கும் உள்ள இத்தொடர்பை வாங்குவோர் பலர் அறிவதில்லை.

தெமுவான் பூர்வகுடியினர் குகை வாயில்களில் தங்கியிருந்தனர். 1860களில் சீனக் குடியேறிகள் காய்கறித் தோட்டங்களுக்காக வௌவால் எச்சத்தை அள்ளினர். 1878இல் அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் ஹார்னடேயின் வருகைக்குப் பின் குகைகள் வெளியுலகில் பெயர்பெற்றன. வணிகர் தம்புசாமிப் பிள்ளை இங்கு முருகனை நிறுவ, 1892 முதல் தைப்பூசம் நடந்து வருகிறது. கோயில் குகைக்கு 272 படிகள் ஏற வேண்டும். அடிவாரத்தில் நிற்கும் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை 2006இல் திறக்கப்பட்டது.

கல்லுடைப்பு மலையின் ஓரங்களைத் தின்றது. 1980களின் தொடக்கத்தில்தான் அது நின்றது. 2018இல் படிகளுக்குப் பல வண்ணம் பூசியபோது மரபுரிமைச் சட்டம் பற்றிய விவாதம் எழுந்தது. அதைவிடக் கடுமையான ஆபத்து அடிவாரத்தை நெருக்கும் கட்டடங்கள். மேலுள்ள காடு குறைந்தால் குகைக்குள் நீர்க்கசிவு மாறும். வௌவால்கள் வெளியேறினால் எச்சத்தை நம்பிய சிலந்திக்கும் வாழ்விடம் இராது.