கிராணி வாத்தியாரும் புகுமுக வகுப்பும்

தோட்டத்துப் பள்ளியில் முதலில் பாடம் சொல்லிக் கொடுத்தவர் யார்? பல இடங்களில் கிராணி. சில இடங்களில் கங்காணி. காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டவரே பிறகு பிள்ளைகள் முன்னும் நின்றார். ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1912-இல் வந்த தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 10 பேர் இருந்தால் பள்ளி வைக்கும்படி தோட்டத்துக்குக் கட்டளையிட இடம் தந்தது. கட்டடம் வந்தது, பயிற்சி பெற்ற ஆசிரியர் வருவதற்குத்தான் வெகுகாலம் ஆயிற்று.

1956-இல் ரசாக் அறிக்கை, 1957-இல் கல்விச் சட்டம். அரசாங்க உதவி பெற்ற பள்ளிகளில் வாத்தியார் தோட்டத்து ஆளாக இருந்த நிலை மாறி, அரசாங்கச் சம்பளக்காரரானார். தகுதி கேட்டார்கள். துரையின் தயவை நம்பியிருந்தவருக்கு அது பெரிய விடுதலைதான். ஆனால் மாற்றல் உத்தரவும் கூடவே வந்தது. லயத்தில் நம்மோடு குடியிருந்து, வராத பிள்ளையை வீடு தேடிப் போய் அழைத்து வந்தவரின் இடத்தில், பட்டணத்திலிருந்து வந்து போகிறவர் நின்றார்.

பிள்ளைகளுக்கும் ஒரு மாற்றம் காத்திருந்தது. தமிழில் 6 ஆண்டு படித்தவர்கள், இடைநிலைப் பள்ளியில் முதலில் புகுமுக வகுப்பில் ஓராண்டு அமர்ந்தார்கள். மலாயில் அதற்குப் பெயரே 'பெராலிஹான்', அதாவது மாறுதல். ஆங்கிலம் பயிற்றுமொழியாக இருந்த இடைநிலைப் பள்ளிகளும் 1982-க்குள் ஐந்தாம் படிவம் வரை மலாய்க்கு மாறின. ஓராண்டு கூடினால் சீருடையும் பஸ் காசும் கூடும். பால்மரச் சம்பளத்தில் அது சிறு தொகையல்ல. அந்த ஓராண்டிலேயே படிப்பை விட்ட பிள்ளைகளும் உண்டு.

நம் சாஆ தமிழ்ப்பள்ளியின் பெயரில் 'சந்துமான்' என்ற மலாய்ச் சொல் இருக்கிறது. ஒன்றாகச் சேர்த்தது என்று பொருள். கன்றுக்கு ஒட்டுக்கட்டுவதையும் அதே சொல்லால்தான் குறிப்பார்கள்.