மணலில் எழுதிய பாடம்: சென்னையில் வாசிப்புக் கல்வியின் வரலாறு

வாசிப்பு என்பது இரு திறன்களின் கூட்டு. எழுத்தைக் கண்டு ஒலிப்பது ஒன்று. ஒலித்ததன் பொருளை உணர்வது மற்றொன்று. முன்னதில் மட்டும் தேர்ந்த மாணவன் பக்கம் முழுவதையும் பிழையின்றிப் படித்துவிடுவான். அதில் சொல்லப்பட்டது யாது என்று கேட்டால் விழிப்பான். பின்னதை மட்டும் நம்பி வளர்ந்தவன் தெரிந்த சொற்களை ஊகித்துக்கொண்டே சென்று, புதுச் சொல் எதிர்ப்படும் இடத்தில் நின்றுவிடுவான். இவ்விரண்டையும் எந்த அளவில், எந்த வரிசையில் கற்பிப்பது என்று வகுப்பறையில் திட்டமிடுவதையே இக்காலக் கல்வியியலார் சமநிலை வாசிப்புக் கற்பித்தல் என்கின்றனர். பெயர் புதிது; சிக்கல் பழையது. அச்சிக்கலின் வரலாற்றில் நம் சென்னை நகருக்கும் ஓர் இடமுண்டு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

தமிழகத்தின் திண்ணைப் பள்ளிகளில் எழுத்தறிவு மணலில் தொடங்கிற்று. சிறுவன் மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுத்தை வரைந்து, வரையும்போதே உரக்கச் சொல்வான். கண்ணும் கையும் நாவும் செவியும் ஒருங்கே இயங்கின. மணலில் தேர்ந்த பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தன. முன்னேறிய மாணவனாகிய சட்டாம்பிள்ளை, பின்தங்கியவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான். ஆத்திசூடி போன்ற நூல்கள் முதலில் மனனமாயின. அவற்றின் பொருள் பெரும்பாலும் பிறகே விளங்கிற்று.

இம்முறையைக் கண்டு வியந்தவர்களுள் ஒருவர் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல். 1787இல் சென்னை வந்த அவர், 1789இல் எழும்பூரில் இருந்த படைவீரர் ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் ‘மலபார்’ பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரையும் தமிழையும் மலபார் என்றே அழைத்தனர். தம் பள்ளியிலும் அதைச் செய்து பார்க்க விரும்பினார் பெல். உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்காத நிலையில், ஜான் பிரிஸ்கன் என்னும் சிறுவனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார். அச்சிறுவனுக்கு அப்போது 8 வயதளவே. முயற்சி வென்றது. 1796இல் தாயகம் திரும்பிய பெல், மறு ஆண்டில் இச்சோதனையைப் பற்றிய நூலை இலண்டனில் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்னும் பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. நம் சட்டாம்பிள்ளை கடல் கடந்து சென்று அங்கே ‘மானிட்டர்’ ஆனான்.

எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெல் எடுத்துச் சென்றது சிக்கனமான ஓர் ஏற்பாட்டை. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோருக்கு எழுத்தைக் கற்பிக்க அது உதவிற்று. எட்டு வயது மானிட்டரால் எழுத்தையும் ஒலியையும் சரிபார்க்க முடியும். பொருளை விளக்கவோ, ஐயம் எழுப்பிச் சிந்திக்கச் செய்யவோ அவனால் இயலாது. வாசிப்பின் முதற்பாதி விரைந்து பரவியது, மறுபாதி பின்தங்கியது.

இந்த இருபாதிச் சிக்கலை இஸ்லாமிய அறிஞர்கள் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்துள்ளனர். இப்னு கல்தூன் (1332–1406) தமது முகத்திமாவில் சிறுவர் கல்விக்கென ஒரு தனிப் பகுதியை ஒதுக்கி, நாட்டுக்கு நாடு வேறுபட்ட முறைகளை ஒப்பிடுகிறார். மக்ரிப் மக்கள் சிறுவர்களுக்குத் திருக்குர்ஆனையும் அதன் எழுத்து முறையையும் மட்டுமே கற்பித்தனர், வேறெதையும் கலக்கவில்லை. அந்தலூஸ் மக்கள் குர்ஆனை அடிப்படையாகக் கொண்டு, அதனுடன் கவிதை, உரைநடை, இலக்கணம், அழகிய கையெழுத்து ஆகியவற்றையும் சேர்த்துக் கற்பித்தனர். முதல் முறையில் பயின்றோர் மொழியாற்றலில் குறைந்தனர் என்றும், இரண்டாம் முறையில் பயின்றோர் மொழியில் சிறந்தனர் என்றும் அவர் கணிக்கிறார். காழி அபூபக்ர் இப்னுல் அரபி (மறைவு 1148) இன்னும் ஒருபடி மேலே சென்று, முதலில் மொழியும் கவிதையும், பிறகு கணக்கும், அதன்பின் குர்ஆனும் கற்பிக்க வேண்டும் என்று யோசனை கூறினார். சிறுவன் தனக்கு விளங்காததை ஓதலாகாது என்பதே அவருடைய கவலை. அந்த யோசனையைச் சிறந்தது என்று போற்றும் இப்னு கல்தூன், மக்களின் வழக்கம் அதற்கு இடம் தராது என்றும் ஒப்புக்கொள்கிறார். இளமையில் குர்ஆன் கற்காதவன் வளர்ந்தபின் கற்காமலே போய்விடக் கூடும் என்னும் பெற்றோரின் அச்சத்தில் நியாயம் இருப்பதையும் அவர் மறுக்கவில்லை.

தமிழ் முஸ்லிம்கள் இச்சிக்கலுக்கு ஒரு சொந்த விடையைக் கண்டனர். அதுவே அரபுத்தமிழ். மக்தபில் அரபு எழுத்துகளைக் கூட்டி ஓதப் பழகிய சிறுமி, அதே எழுத்தில் அமைந்த தமிழ் நூலைக் கையில் எடுத்தால் ஒலித்த மறுகணமே பொருளும் விளங்கிற்று. அது தன் தாய் பேசும் மொழியல்லவா! கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அரபுத்தமிழில் எழுதிய மார்க்க நூல்கள் இல்லங்கள்தோறும் பெண்களால் படிக்கப்பட்டன. எழுத்துப் பயிற்சிக்கும் பொருளுணர்வுக்கும் இடையே அரபுத்தமிழ் பாலமாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் அப்பாலம் மெல்ல மறைந்தது. அதன் இடத்தில் வேறொன்றை நாம் கட்டவில்லை.

1939 நவம்பரில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அடையாற்றுக்கு வந்தார். பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைப்பின்பேரில் வந்த அவர், அங்கே ஆசிரியர் பயிற்சி வகுப்பை நடத்தினார். 1940இல் இத்தாலி போரில் இறங்கவே, பிரிட்டிஷ் அரசு அவருடைய மகன் மரியோவைச் சிறைப்படுத்தி, அவரையும் அடையாற்றிலேயே இருக்கச் செய்தது. அவருடைய 70ஆம் பிறந்தநாளான 31.8.1940 அன்று மகன் விடுவிக்கப்பட்டார். 1946 வரை அவர் இந்தியாவில் தங்கிப் பணியாற்றினார். அவர் முறையில் எழுத்துக்கு ஒரு சிறப்புக் கருவி உண்டு: உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள். குழந்தை அதை விரலால் தடவி, அதன் ஒலியைச் சொல்கிறது. பின்னர் தனித்தனி எழுத்துகளை அடுக்கித் தன் மனத்திலுள்ள சொல்லைத் தானே அமைக்கிறது. உப்புத்தாள் எழுத்து அவர் சென்னைக்கு வருமுன்பே ரோம் நகரில் உருவானது. மணலில் எழுதிய நம் முன்னோரிடமிருந்து அவர் அதைப் பெற்றார் என்று கூறுவதற்கில்லை. எனினும் விரலும் நாவும் இணைந்தால் எழுத்து மனத்தில் பதியும் என்னும் ஒரே உண்மையை இரு மரபுகளும் கண்டுள்ளன. அடையாற்று முறையில் கூடுதலாக அமைந்தது, குழந்தை தனக்குப் பொருள்படும் சொல்லைத் தானே ஆக்குவது.

2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திர மாநிலம் ரிஷிவேலியில் வளர்ந்த முறையை அடியொற்றி, செயல்வழிக் கற்றலை 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். விரைவில் மாநகராட்சியின் பிற பள்ளிகளுக்கும், 2007இல் தமிழகம் முழுவதற்கும் அது விரிந்தது. பாடநூலின் இடத்தில் அட்டைகள் வந்தன. சுவரின் கீழ்ப்பகுதியில் குழந்தைகள் எழுதுவதற்கான கரும்பலகைகள் அமைந்தன. ஒவ்வொரு குழந்தையும் கற்றல் ஏணியில் தன் படியைத் தானே அறிந்து ஏறியது. ஆசிரியரின் முழுத் துணையுடன் கற்போர், ஓரளவு துணையுடன் கற்போர், சக மாணவர் துணையுடன் கற்போர், தாமே கற்போர் எனக் குழுக்கள் பிரிந்தன. கற்பித்தலைத் திட்டமிடுவதில் இது பெரிய முன்னேற்றம். ஒரே வகுப்பில் ஒரே பாடம் எல்லார்க்கும் பொருந்தாது என்பதை அது ஏற்றுக்கொண்டது. அட்டையைக் கடந்து தொடர்ந்த உரைநடையைப் படிக்கும் வாய்ப்புக் குறைவு, ஆசிரியருக்குச் சுமை மிகுதி என்னும் குறைகளும் கூறப்பட்டன. 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைப் பிரிவால் அதே உண்மையைத் தொடர்ந்தது.

இதே காலத்தில் அமெரிக்காவில் எழுத்தொலியா, பொருளா என்னும் வாதம் கடுமையாக நடந்தது. 2000இல் வெளியான தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கை ஐந்து கூறுகளை வலியுறுத்திற்று: ஒலியுணர்வு, எழுத்தொலி உறவு, தடையற்ற வாசிப்பு, சொல்வளம், பொருளுணர்தல். பின்னாளில் சமநிலை என்னும் பெயரிலேயே எழுத்தொலிப் பயிற்சியைக் குறைத்து, படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கச் செய்த பள்ளிகள் அங்கே கண்டனத்துக்கு உள்ளாயின. ஆகவே சமநிலை என்பது அதில் கொஞ்சம், இதில் கொஞ்சம் என்று கலப்பதன்று. எது முந்த வேண்டுமோ அதை முந்த வைத்து, எதையும் விடாமல் கற்பிப்பதே சமநிலை.

நம் சமுதாயத்துக்கு இது ஏட்டளவிலான வாதமன்று. மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ ஆங்கிலவழிப் பள்ளியில் பயிலும் ஒரு முஸ்லிம் சிறுவன், மாலையில் மக்தபில் அரபு ஓதுகிறான். வீட்டில் தமிழோ உருதுவோ பேசுகிறான். மூன்று மொழிகளின் எழுத்துகளை ஒலிக்கத் தெரிந்தும் ஒன்றிலும் ஆழ்ந்து படிக்க இயலாதவனாக அவன் வளரும் ஆபத்து உண்டு. தர்தீலும் ததப்புரும், அதாவது திருந்த ஓதலும் சிந்தித்து உணர்தலும், நம் மரபில் ஒன்றையொன்று பிரியாதவை. வகுப்பறையில் மட்டும் ஏன் அவை பிரிய வேண்டும்?

ஒரு மணிநேர மக்தப் வகுப்பிலேயே இதற்கு வழியுண்டு. முதற் பதினைந்து நிமிடம் எழுத்தும் ஒலியும்: பலகையில் எழுதி, உடன் சொல்லுதல். அடுத்த இருபது நிமிடம் சிறு குழுக்களில் ஓதுதல். உஸ்தாத் ஒரு குழுவைக் கேட்கையில், தேர்ந்த மாணவர் மற்றக் குழுவைக் கேட்கலாம். பிறகு பத்து நிமிடம், அன்று ஓதியதில் வந்த இரண்டு மூன்று சொற்களின் பொருளை அவர்கள் மொழியில் கூறி, அவற்றைத் தமிழில் எழுதச் செய்தல். எஞ்சிய பதினைந்து நிமிடம் நபிமார் வரலாறு ஒன்றை ஆசிரியர் தமிழில் உரக்கப் படிக்க, மாணவர் கேட்டுக் கேள்வி எழுப்புதல். புதிய கட்டடமோ பெரும் பொருட்செலவோ இதற்கு வேண்டுவதில்லை. ஓதும் நேரம் குறைகிறதே என்று சில பெற்றோர் வருந்தக்கூடும். அவர்களுடைய அச்சத்தை இப்னு கல்தூனைப் போல நாமும் மதிப்போம். ஓதலைக் குறைக்காமல் அதற்குப் பொருளைத் துணையாக்குகிறோம் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோம். அரபுத்தமிழ் நம் பாட்டிமாருக்கு அளித்ததை இந்தச் சிறு ஏற்பாடு அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு ஓரளவேனும் மீட்டுத் தரும்.