கடற்படையின் சக்கிமுக்கிக் கைத்துப்பாக்கி: பாதுகாப்பு விதிகளை வரலாற்றுச் சான்றாக வாசித்தல்

பழைய ஆயுதங்களின் மறுவடிவங்களைச் சுட்டுப் பார்ப்பது ஆய்வா, பொழுதுபோக்கா என்னும் வினா ஆய்வு மாணவர்களிடையே அவ்வப்போது எழுகிறது. 18-ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியக் கடற்படையின் சக்கிமுக்கிக் கைத்துப்பாக்கியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாவை அணுக விரும்புகிறேன். இன்று அதனைச் சுடுவோர் கடைப்பிடிக்கும் பாதுகாப்பு விதிகளில் பல, அன்றைய மாலுமி தாங்கிய இடர்களை நமக்குக் காட்டுகின்றன. ஆகவே அவ்விதிகளையும் ஒருவகை வரலாற்றுச் சான்றாக வாசிக்க இயலும் என்பதே என் கருத்து.

முதலில் பொருளைக் காண்போம். 1756-ஆம் ஆண்டு வடிவம் என அறியப்படும் கைத்துப்பாக்கியின் குழல் 12 அங்குல நீளமுடையது. குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 0.56 அங்குலம், அதாவது 14 மில்லிமீட்டர். பின்னர் 9 அங்குலக் குழல் கொண்ட குட்டை வடிவமும் வழக்கிற்கு வந்தது. விசையை அழுத்தியதும், குதிரையின் வாயில் பொருத்திய கல் எஃகுத் தகட்டில் உரசித் தீப்பொறிகளை எழுப்பும். அவை கிண்ணத்திலுள்ள மருந்தைப் பற்றவைக்க, அந்நெருப்பு பக்கவாட்டுத் துளை வழியே குழலுக்குள் புகுந்து முதன்மை மருந்தை எரிக்கும்.

கடலில் இவ்வமைப்பு எளிதில் பொய்த்துப்போகும். அலைத்துளி பட்டால் கிண்ணத்து மருந்து நனைந்துவிடும். கல்லின் முனை மழுங்கினால் பொறி எழாது. எதிரிக் கப்பலில் ஏறிப் போரிடும் நெரிசலில் மீண்டும் மருந்து கெட்டிக்க நேரம் இராது. எனவே ஒரே ஒரு குண்டை மட்டுமே, அதுவும் வெடித்தால்தான் உண்டு என்ற நிலையில், மாலுமி நம்பியிருக்க வேண்டியிருந்தது. இடப்பக்கத்து எஃகுக் கொக்கி, துப்பாக்கியை இடைவாரில் மாட்டிவிட்டு இரு கைகளாலும் கயிறு பற்றி ஏற உதவியது. சுட்ட பின்னரோ, சுடத் தவறிய பின்னரோ, பித்தளை பதித்த கனமான பிடியே தடியாயிற்று. அதன் பிறகு வாளும் கோடரியும் ஈட்டியுமே துணை. தோல்வியை முன்கூட்டியே கணக்கில் கொண்ட வடிவமைப்பு இது.

இனி மறுவடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை. இந்தியாவில் செய்யப்பட்டு ஏற்றுமதியாகும் மறுவடிவங்கள் பல, பக்கவாட்டுத் துளை இடப்படாமல் காட்சிப் பொருளாகவே விற்கப்படுகின்றன. அத்துளையை இட்டுவிட்டால் மட்டும் அது சுடத்தக்க துப்பாக்கி ஆகிவிடாது. குழல் உரிய அழுத்தத்தைத் தாங்குமா என்பதை அதிகாரபூர்வச் சோதனை நிலையமே உறுதிசெய்ய முடியும். பர்மிங்காமில் 1813-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவப்பட்ட சோதனை நிலையம் இன்றும் இப்பணியைச் செய்கிறது. இத்தாலியின் கார்தோனே நகரிலும் அத்தகைய நிலையம் உண்டு. இங்கே ஓர் எச்சரிக்கை: பூட்டுத் தகட்டில் முடியாட்சி முத்திரையும் 'டவர்' என்ற சொல்லும் பொறிக்கப்பட்டிருப்பது சோதனைச் சான்றன்று. மூலத்தைப் பின்பற்றிய அலங்காரமாகவே மறுவடிவங்களில் அவை இடம்பெறுகின்றன. சோதனை முத்திரையைக் குழலின் மீதே தேட வேண்டும். எஃகுத் தகடு நன்கு கடினப்படுத்தப்பட்டுள்ளதா, பாதி இழுத்த நிலையில் குதிரை வழுவாமல் நிற்கிறதா என்பவற்றை, குழலில் மருந்தில்லை என உறுதிசெய்துகொண்டு, துப்பாக்கி அறிந்த கைவினைஞர் பார்க்க வேண்டும்.

சுடும் விதிகளுக்கு வருவோம். கருமருந்தை மட்டுமே பயன்படுத்த வேண்டும். புகையில்லா வெடிமருந்தின் அழுத்தம் இக்குழலைச் சிதறடித்துவிடும். மருந்தைக் குப்பியிலிருந்து நேரே ஊற்றாமல், தனி அளவையில் எடுத்தே இட வேண்டும். குழலில் தணல் எஞ்சியிருந்தால் குப்பி முழுவதும் வெடிக்கக்கூடும். குண்டு மருந்தோடு ஒட்டி அமர வேண்டும். இடைவெளி இருப்பின் குழல் வீங்கலாம், வெடிக்கலாம். சுடுபவரின் வலப்பக்கம் யாரும் அருகில் நிற்கலாகாது. பக்கவாட்டுத் துளையிலிருந்து நெருப்பு அத்திசையில் பீறிடும். கண்ணுக்கும் காதுக்கும் காப்பு வேண்டும். வெடிக்காவிட்டால் துப்பாக்கியை இலக்கை நோக்கியே பிடித்தபடி குறைந்தது ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். உள்ளே கனன்றுகொண்டிருக்கும் மருந்து தாமதமாக வெடிக்கக்கூடும்.

இவ்விதிகளை மேல்தளத்துப் போர்க்களத்தில் வைத்துப் பாருங்கள். வலப்பக்கம் இடம்விட்டு நிற்க அங்கே வாய்ப்பில்லை. தோழனின் முகம் அருகிலேயே இருந்தது. காத்திருக்க ஒரு நிமிடமும் இல்லை. கண்காப்பும் இல்லை. நாம் விலக்கி வைக்கும் ஒவ்வோர் இடரையும் அம்மாலுமி ஏற்றே போரிட்டார். அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழை இதனைச் சொல்வதில்லை.

இந்தியருக்கு இவ்வரலாற்றில் நேரடிப் பங்கு உண்டு. கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. பிளாசிப் போருக்குப் பின் பீகாரின் வெடியுப்பு வணிகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிடிக்குள் வந்தது. உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சிய நோனியா மக்களின் உழைப்பு பிரித்தானியப் போர்க்கப்பல்களின் மருந்தறைகளைச் சென்றடைந்தது. கடற்போர் வரலாறுகளில் அவர்களுக்குரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

ஆர்வமுள்ள மாணவர்களுக்கு ஒரு சொல். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பழுது நீக்கியும்கூடச் சுட இயலாத பழம்பொருள்களுக்கே விலக்களிக்கிறது. சுடத்தக்க மறுவடிவத்திற்கு உரிமம் தேவை. கருமருந்துக்கும் தனிச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. உரிமமும் பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையும் இன்றிச் செய்யும் சோதனை ஆய்வாகாது. முறையோடு செய்தால், ஒரே ஒரு குண்டை நம்பி எதிரிக் கப்பலில் காலடி வைத்த மனிதரின் நிலையை, எந்த ஆவணத்தினும் தெளிவாக அது நமக்கு உணர்த்தும்.